பஞ்சாரப் பொறி சரியா விழலையா? கோளாறு வாரியா பாப்போம்

தெறந்து விட்டு வளக்குற நாட்டுக்கோழில ஒண்ணு ரெண்டு எப்பவுமே கூட்டுக்கு வராம விளைக்குள்ளயே, அதான் தோட்டத்துக்குள்ளயே, தங்கிரும். சந்தைல புதுசா வாங்கி வந்து கால்கட்ட அவுத்து விட்ட சேவல், ஒளிஞ்சி அடை உக்காந்து குஞ்சோட வெளிய வந்த பெட்டை, தொரத்தி தொரத்தி மெரண்டு போன வெடக்கோழி, இதெல்லாம் கைக்கு சிக்கவே சிக்காது, கிட்டப் போனா உடைமுள்ளுக்குள்ள பூந்துரும், அதுக்குள்ள பக்கத்து விளைக்காரர் "அண்ணாச்சி, ஒங்க கோழி எங்க கத்தரி நாத்த பூரா கிண்டிப் போட்டுட்டு"ன்னு வந்து நிப்பாரு. இதுக்கு நம்ம பக்கம் இருக்குற வழி, பஞ்சாரத்த, அதான் கோழிய கவுத்து மூடுற பெரிய கூடைய, ஒரு பக்கம் தூக்கி குச்சி முட்டு குடுத்து, குச்சில கயிறு கெட்டி, உள்ள இரை போட்டு, தூரத்துல இருந்து இழுக்குறது. பாக்க லேசான வேலை மாதிரி இருக்கும், வச்சிப் பாத்தாதான் ஒவ்வொரு கோளாறா தெரியும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இது நம்ம கோழி, வான்கோழி, கின்னிக்கோழிக்கு. கௌதாரி, காடை, மணிப்புறா, பச்சைக்கிளி, மயிலு இதுகளுக்கு இல்லவே இல்ல. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னு சொல்லுறது சுடுறத மட்டும் இல்ல, கண்ணி வைக்கிறது, பொறி வைக்கிறது, இரை போட்டு இழுக்குறது, அதுக்கு முயற்சி பண்றது கூட அதுலதான் வருது. 2022ல திருத்தம் வந்த பிறகு பொதுவான தண்டனை 3 வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் ரூவா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். மயிலு அந்தச் சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு, அதுல கை வச்சா கொறஞ்சதே 3 வருசம், 7 வருசம் வரைக்கும் போகும். சட்டத்த விடுங்க, வெள்ளாமை காட்டுல புழு பூச்சியத் தின்னு நமக்கு வேலை செஞ்சிட்டு கெடக்குற கௌதாரியப் புடிச்சி என்ன ஆகப்போவுது.

அதனாலதான் நான் ஒரே ஒரு விதிய விடாம சொல்லுவேன். கயித்தோட மறு நுனி ஒரு ஆளு கைல இருக்கணும், அந்த ஆளோட கண்ணு பஞ்சாரத்து மேல இருக்கணும். கோழி மிதிச்சதும் தானா விழுற மாதிரி குச்சிய மடக்கி வைக்கிற பொறி இருக்கு, அத வச்சிட்டு சாப்பிடப் போகாதீங்க. அதுக்கு கோழி எது மைனா எதுன்னு தெரியாது. கீழ சொல்லப் போற கோளாறுல சிலது, கயித்த விட்டுட்டு ஆளு எந்திரிச்சிப் போனதாலயே வாரது.

அமைப்பச் சுருக்கமா சொல்லிருதேன். பஞ்சாரம் வாய் மூணடிக்கு கொறையாம இருக்கணும், பெருவிடை சேவலுன்னா இன்னும் பெருசு. முட்டுக்குச்சி ஒரு அடி, நேரா, வழுவழுன்னு. குச்சிக்கு அடில ஒரு ஓட்டுத்துண்டு. கயிறு குச்சியோட அடிப்பக்கம், தரைல இருந்து நாலு வெரல் உசரத்துல. கயிறு இருவத்தஞ்சி முப்பது அடி, தரையோட தரையா வந்து ஒரு ஓலைத்தட்டிக்கோ ஜன்னலுக்கோ பின்னாடி முடியணும். அவ்வளவுதான்.

கோளாறு: பஞ்சாரத்துப் பக்கமே வரமாட்டேங்குது

இதுதான் மொதல் புகார், இதுக்கு காரணமும் நெறைய இருக்கு. நேத்து வரைக்கும் அந்த எடத்துல இல்லாத ஒரு பொருளு இன்னைக்கு வாயத் தொறந்துட்டு நிக்கு, கோழி எப்படி வரும். கோழிக்கு நம்மள விட நெறம் நல்லாவே தெரியும், அதனால நீல பிளாஸ்டிக் கயிறு, செவப்பு துணி, பளபளன்னு தகரம் எதுவும் வேண்டாம். மொதல் மூணு நாலு நாளு பஞ்சாரத்த முட்டு குடுத்து, விழவே முடியாத மாதிரி மேல இருந்து ஒரு கிளைல கெட்டி வச்சிருங்க, தெனமும் ஒரே நேரத்துக்கு அதுக்கு வெளிய கொஞ்சம் இரை, அடுத்த நாளு வாய்க்கிட்ட, அதுக்கு அடுத்த நாளு உள்ளன்னு நகத்திட்டே போங்க. உள்ள போயி பயமில்லாம நின்னு தின்னுட்டு வெளிய வார அளவுக்கு வந்த பிறகுதான் கயித்துக்கு வேலை. இந்த நாலு நாளப் பொறுக்க முடியாமதான் முக்காவாசிப் பேரு கெடுத்துக்கிடுதாங்க, ஒரு தடவ இழுத்து தப்பிச்ச கோழி அந்தப் பஞ்சாரத்த மறக்க ரொம்ப நாளாகும், அதுக்குப் பிறகு எடத்தையே மாத்தணும்.

அடுத்து, வெளிய நல்ல தீனி கெடந்தா உள்ள ஏன் வரணும். பிசானம் அறுப்பு முடிஞ்சி மாசி பங்குனில களத்துலயும் வயல்லயும் நெல்லு செதறிக் கெடக்குற சமயம் நீங்க குருணையப் போட்டு காத்துக்கிட்டு இருந்தா அது திரும்பிக் கூட பாக்காது. அப்ப இரைய மாத்தணும். தானியத்துல சலிச்ச கோழிக்கு உசுரோட நெளியிறது வேணும், அதுக்கு கறையான விட ஒண்ணு கெடையாது. பழைய மண்பானை ஒண்ணுல வைக்கோலு, காஞ்ச சாணி, கிழிஞ்ச சாக்கு அடைச்சி தண்ணி தெளிச்சி, கறையான் இருக்குற எடமாப் பாத்து சாயங்காலம் கவுத்தி வச்சிருங்க, காலைல தூக்குனா வெள்ளையா மொய்ச்சிக் கெடக்கும். குஞ்சுக்கு போடுறதுக்காக எங்க பக்கம் ஆச்சிமாரு ரொம்ப காலமா செய்யிற வேலைதான். அந்த பானைய அப்படியே கொண்டு போயி பஞ்சாரத்துக்குள்ள தட்டி விடுங்க, எப்பேர்ப்பட்ட மெரண்ட வெடக்கோழியும் கால் வச்சிரும். இதுல இன்னொரு நன்மை, உள்ள தானியம் கெடக்காததால மணிப்புறா கூட்டம் கூடாது.

நேரமும் பாக்கணும். உச்சி வெயில்ல கோழி நெழல்ல மண்ணக் குளிச்சிட்டு படுத்துக் கெடக்கும், அப்ப வச்சி பிரயோஜனம் இல்ல. காலைல மரத்துல இருந்து எறங்குன ஒடனே, இல்ல சாயங்காலம் நாலு மணிக்கு மேல அடையப் போறதுக்கு முன்னாடி இரை தேடுற நேரம். அப்பவும் தனியா வர பயந்தா, கூட்டத்துல ஒரு பழகுன பெட்டைய சின்னக் கூண்டுல அடைச்சி பஞ்சாரத்துக்குப் பின்னாடி வச்சிப் பாருங்க. அது நிம்மதியா கொத்திட்டு இருக்குறத பாத்தா மத்ததுக்கும் தைரியம் வந்துரும்.

கோளாறு: வாய் வரைக்கும் வருது, கழுத்த மட்டும் நீட்டி கொத்திட்டு ஓடிருது

இரைய நடுவுல குமிச்சி வச்சிருப்பீங்க. நடுவுல வச்சா கோழி முழுசா உள்ள வரவேண்டிய அவசியமே இல்ல, வாய்ல நின்னுட்டே எட்டிரும். இரை இருக்கவேண்டிய எடம் பஞ்சாரம் தரையத் தொடுற அந்தப் பின் ஓரம், அதுவும் குமியலா இல்லாம பரவலா, அப்பதான் குனிஞ்சி கிண்டிக்கிட்டே நிக்கும். வாய்க்கு வெளிய வழி காட்ட நாலஞ்சி மணி போதும், ரொம்ப எறைச்சா வெளியவே வயிறு ரொம்பிரும். குச்சி கட்டையா இருந்து வாய் தாழ்ந்திருந்தாலும் உள்ள வராது, சேவலோட கொண்டை தட்டுற உசரத்துக்கு எந்த சேவலும் தலைய விடாது. வாயத் தெறந்த வெளிப்பக்கம் வச்சா பருந்து பயத்துல நிக்காது, ஏதாவது ஒரு செடி, வேலி ஓரம் பாத்து வாய் இருக்கட்டும்.

கோளாறு: இழுத்தா குச்சி வர மாட்டேங்குது, வந்தாலும் லேட்டா விழுது

கயித்த குச்சியோட தலைல கெட்டிருந்தா அவுத்து அடில கெட்டுங்க. தலைல கெட்டி இழுத்தா பஞ்சாரத்தோட பாரம் அங்கன அமுக்கிட்டு இருக்குறதால குச்சி சாயாம பஞ்சாரத்தையும் சேத்து இழுத்துட்டு வரும். அடில கெட்டுனா ஒரு சுண்டு சுண்டுனதும் கால் வாரிரும்.

திசையன்வெளை, உவரி பக்கம் மணலுன்னா குச்சி பைய எறங்கி புதைஞ்சிரும், அங்க ஓட்டுத்துண்டு இல்லாம வைக்கவே கூடாது. ஓடு வழுக்குற பக்கம் மேல பாத்து இருக்கணும், பழைய டைல்ஸ் துண்டு இன்னும் நல்லது. பஞ்சாரத்து விளிம்புல குச்சி முட்டுற எடத்துல சிம்பு தூக்கிட்டு நின்னாலும் மாட்டிக்கிடும், அத அறுத்து விட்டு நைசா தேச்சிருங்க.

கயிறு பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இங்கதான் எல்லாரும் தூண்டிலுக்குப் போடுற தங்கூசி நரம்பப் போடுதாங்க. கண்ணுக்குத் தெரியாதுன்னு நெனச்சி போடுறது, ஆனா முப்பது அடி தங்கூசி ரப்பராட்டம் நீளும், நீங்க ஒரு முழம் இழுத்தா அங்க ரெண்டு வெரல்தான் நகரும், அந்த நேரத்துல கோழி வெளிய. அதோட வேலை முடிஞ்சி விளைல விட்டுட்டு வந்தா காக்கா, மைனா, தவிட்டுக்குருவி காலுல சுத்தி, சதைய அறுத்து, காலே போயிரும், அத பாத்தா மனசு தாங்காது. சாதாரண மண்நெற சணல் கயிறே போதும். மழைல நனைஞ்சா சணலு பாரமாகி தரையோட ஒட்டும், காய வச்சி மறுபடி போடுங்க. இழுக்குறதுக்கு முன்னாடி கயித்துல தொய்வு இருக்கக் கூடாது, நுனில லேசா விறைப்பு இருந்துட்டே இருக்கணும், கயிறு போற வழில கல்லு, நெருஞ்சி, செடி எல்லாத்தையும் ஒதுக்கி விட்டுருங்க.

கோளாறு: பஞ்சாரம் சரியா விழுது, கோழி மட்டும் வெளிய நிக்குது

தரையப் பாருங்க. மேடு பள்ளமா இருந்தா விளிம்புக்கு அடில சந்து விழும், கோழி தலைய விட்டு ஒரு நெம்பு நெம்புனா போச்சி. விழுற எடத்துல வட்டமா மண்ண சமப்படுத்தி, லேசா மணல் தூவிருங்க. தரை சமமா இருந்தும் தூக்கிட்டுப் போவுதுன்னா பஞ்சாரம் லேசு. அதுக்காக தலைல கல்லக் கெட்டி தொங்க விடாதீங்க, அந்தப் பாரம் கோழி முதுகுல விழுந்தா எலும்பு போயிரும். விழுந்த ஒடனே ஓடிப் போயி கைய வச்சி அமுக்கி பெறகு கல்லு வைங்க, இல்லன்னா பின் ஓரத்துல ரெண்டு முளை அடிச்சி விளிம்ப அதுல கெட்டிருங்க, அந்தப் பக்கம் தூக்காது.

கோளாறு: யாரும் இழுக்காமயே விழுது

ஆனி ஆடின்னா கேக்கவே வேண்டாம், மேக்காத்துதான். காவல்கெணறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடி எல்லாம் நிக்கிற எடத்துல பஞ்சாரத்த மேக்க பாத்து வாயத் தொறந்து வச்சா காத்து உள்ள பூந்து தூக்கிட்டுப் போயிரும். முதுக மேக்க திருப்பி, வாய கெழக்க வைங்க, ஒரு சொவத்து மறவுல வச்சா இன்னும் நல்லது. அந்த ரெண்டு மூணு மாசம் காத்து அடங்கியிருக்குற வெளுப்பாங் காலைதான் சரிப்படும். காத்தும் இல்லாம விழுதுன்னா எலியோ ஓணானோ குச்சில உரசியிருக்கும், இல்ல கோழியே கயித்துல கால் வச்சிருக்கும். கயிறு வாய்க்கு நேரா வரக்கூடாது, பக்கவாட்டுல போவட்டும்.

கோளாறு: விளிம்பு கோழி மேல அடிக்குது

அவசரப்பட்டு இழுத்ததுதான். வால் முழுசா உள்ள போயி, தலை குனிஞ்சி கொத்துற நேரத்துல இழுக்கணும், தலை தூக்கி நின்னா பொறுங்க. ரெண்டு மூணு கோழி சேந்து வந்தா வாய்ல நிக்கிறது ஒதுங்குற வரைக்கும் கை அசையக் கூடாது. விளிம்பு முழுக்க பழைய சைக்கிள் டியூப்பையோ துணியையோ சுத்தி தச்சிருங்க, கண்டிப்பா செய்யுங்க.

கோளாறு: கோழிக்கு வச்சா மத்த பறவை வருது, மாட்டிக்கிட்டு

வரத்தான் செய்யும். மைனா, மணிப்புறா, தவிட்டுக்குருவி, செண்பகம், சில எடத்துல மயிலு குஞ்சோட. அதுக நிக்கும்போது இழுக்காதீங்க, கைய ஒரு தட்டு தட்டுனா பறந்துரும். கயிறு கைல இருக்கணும்னு சொன்னதோட முழு அர்த்தம் இங்கதான் தெரியும். அப்படியும் ஒண்ணு கோழியோட சேந்து மாட்டிட்டுன்னா, ஆளுக கூடாம, சத்தம் போடாம, பஞ்சாரத்த கோழி இல்லாத பக்கமா லேசா தூக்குங்க, சின்னது மொதல்ல வெளிய போயிரும். கையால புடிக்கவோ புள்ளைகளுக்கு காட்டவோ வேண்டாம். அடிபட்டு பறக்க முடியாம கெடந்தா காத்து போற அட்டைப்பெட்டில துணி விரிச்சி இருட்டா வச்சி, வாய்ல தண்ணி ஊத்தாம, வனத்துறைக்குச் சொல்லிருங்க.

நம்ம திருநெல்வேலி மாவட்டத்துல இதுக்கு வெளிய யாரும் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்ல. கூந்தன்குளத்துல ஊருக்குள்ள வீட்டு மரத்துலயே நாரை கூடு கெட்டும், அதுக்காக தீவாளிக்கு வெடி போடாத ஊரு அது, 1994ல சரணாலயமா அறிவிக்கிறதுக்கு ரொம்ப காலத்துக்கு முன்னாடி இருந்தே சனங்க காப்பாத்திட்டு வந்தது. திருப்புடைமருதூர்லயும் தாமிரபரணிக் கரை மருத மரத்துல அடையிற பறவைக்காக ஊர்க்காரங்களே நின்னு, 2005ல அந்த எடம் காப்பகம் ஆச்சி. குளத்தங்கரை, நாரை அடையிற மரம், மயிலு எறங்குற களம், இங்க எல்லாம் பஞ்சாரத்த வைக்கவே வைக்காதீங்க, ஒங்க வளவுக்குள்ளயோ வீட்டுக்குப் பின்னாடியோ வைங்க. கோழிய அங்கன வரவழைக்கிறதுதான் மொதல் நாலு நாள் வேலையே.

கோளாறு: குஞ்சு மட்டும் மாட்டுது, தாய்க்கோழி வெளிய நிக்கி

கவலையே வேண்டாம், இது நல்லதுதான். குஞ்சு உள்ள இருந்து கத்த கத்த தாய் பஞ்சாரத்தச் சுத்தி சுத்தி வரும், எங்கயும் போகாது. பக்கத்துலயே இன்னொரு பஞ்சாரத்த முட்டு குடுத்து, குஞ்சு இருக்குற பஞ்சாரத்த அதோட பின் ஓரத்த ஒட்டி வைங்க, குஞ்சு சத்தத்துக்கு தாய் உள்ள வரும். ஆனா குஞ்ச வெயில்ல விட்டுறாதீங்க, தாயக் கண்டா பக்கத்துல இருக்குற பெரியவங்களும் கொஞ்சம் ஒதுங்கி நிக்கணும், கொத்துனா ரத்தம் வந்துரும்.

கோளாறு: புடிச்சாச்சி, வெளிய எடுக்கும்போது பறந்துட்டு. இல்லன்னா வாயத் தொறந்து மூச்சு வாங்குது

விழுந்த ஒடனே ஒரு சாக்க எடுத்து பஞ்சாரம் முழுக்க மூடிருங்க. இருட்டுனா கோழி கொஞ்ச நேரத்துல அடங்கிரும், அதுக்குப் பெறகு சாக்க அப்படியே மூடி வச்சிக்கிட்டு, கை நொழையிற அளவு மட்டும் விளிம்ப தூக்கி ரெண்டு றெக்கையையும் ஒடம்போட சேத்துப் புடிங்க. நெஞ்ச அமுக்கிப் புடிக்கக் கூடாது, ரொம்ப முக்கியம் இது. நமக்கு இருக்குற மாதிரி மூச்சுக்கு உதரவிதானம் கோழிக்கு கெடையாது, நெஞ்செலும்பு முன்ன பின்ன அசைஞ்சாதான் காத்து உள்ள போகும், அத இறுக்கிப் புடிச்சா கழுத்து ஃப்ரீயா இருந்தாலும் மூச்சு நின்னுரும். வேர்வையும் கெடையாது, வாயத் தொறந்து எரைச்சிதான் சூட்ட எறக்கும், அதனால வெயில்ல பஞ்சாரத்துக்குள்ள சாக்கோட கால்மணி நேரம் விட்டாலே ஆபத்து. நெழலுக்குத் தூக்கிட்டுப் போயி, பக்கத்துல தண்ணி வச்சி, செத்த நேரம் யாரும் பாக்காம விடுங்க.

கோளாறு: எல்லாம் செஞ்சாச்சி, ஒண்ணும் நடக்கல

அப்ப பஞ்சாரத்த ஒதுக்கி வச்சிட்டு ராத்திரிக்கு காத்திருங்க. சாயங்காலம் அது எந்த மரத்துல ஏறுதுன்னு மட்டும் ரெண்டு மூணு நாளு தூரத்துல இருந்து பாத்து வைங்க, பெரும்பாலும் ஒரே கிளைக்குத்தான் வரும். கோழிக்கு இருட்டுல கண்ணு சரியாத் தெரியாது, நல்லா இருட்டி ஒரு மணி நேரம் கழிச்சி டார்ச்ச மங்கலா தரையப் பாத்து அடிச்சிக்கிட்டு, ஒரு ஆளு ஏணியப் புடிக்க, ஒரு ஆளு பைய ஏறி ரெண்டு கையாலயும் றெக்கையோட அள்ளிரலாம். உடைமரம்னா ஏறாதீங்க, முள்ளு. மழைக்காலத்துல கெளைக்கு அடில, கல்லு இடுக்குல பாம்பு கெடக்கும், கால் வைக்கிற எடத்தப் பாத்து வைங்க.

புறாவுக்கு இந்தப் பஞ்சாரம் சரிப்படாது, இழுத்த சத்தத்துக்கே செங்குத்தா எழும்பிரும். வளப்புப் புறா வழி தவறி ஒங்க மச்சுல வந்து நின்னா, காலுல வளையம் இருக்கான்னு பாருங்க. இருந்தா அது யாரோ வளக்குறது, தண்ணியும் கொஞ்சம் சோளமும் வச்சா களைப்பு ஆறி ஒரு நாள்ல ரெண்டு நாள்ல தானா கெளம்பிரும். ஒங்க புறாவே கூண்டுக்கு திரும்பாம வெளிய நின்னா, கூண்டு வாசல்ல மேல இருந்து தொங்குற மாதிரி, உள்பக்கம் மட்டும் ஆடுற கம்பி வரிசையா போடுங்க, தள்ளிட்டு உள்ள போகலாம், வெளிய வர முடியாது.

கோளாறு: புடிச்ச கோழி திரும்பவும் விளைக்கே ஓடிட்டு

புடிச்ச அன்னைக்கே அவுத்து விட்டா ஓடத்தான் செய்யும். ரெண்டு வாரம் தனிக்கூட்டுல வைங்க, மத்த கோழியோட சேக்காம. வெளிய சுத்துனது வெள்ளைக்கழிச்சல் ஒட்டிட்டு வந்திருந்தா அந்த ரெண்டு வாரத்துக்குள்ள தெரிஞ்சிரும், பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சி கழுத்து திருகுனா கால்நடை டாக்டர்ட்ட காட்டணும். நல்லா இருந்தா கூட்ட, மத்த கோழி அடையிற எடத்துக்குப் பக்கத்துல நகத்தி வச்சி, சாயங்காலம் ஒரே நேரத்துக்கு ஒரே மாதிரி கூப்புட்டு தீனி போடுங்க. மொதல்ல தெறந்து விடுறது இருட்டுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இருக்கணும், வயிறு கொஞ்சம் காலியா, தீனி நேரம் வரப்போற சமயமா. தூரம் போக நேரமும் இருக்காது, கூப்புட்ட கொரலுக்கு கூட்டத்தோட கூட்டமா வந்து ஏறிரும். அப்படி நாலு நாள் சாயங்காலம் மட்டும் விட்டுப் பாத்துட்டு, பெறகு காலைல இருந்தே தெறந்து விடலாம்.